பணி நடைபெற்று வருகிறது... எங்கிட்டு வருது?

உங்க மொபைல் நம்பர் சொல்லுங்க பார்ப்போம். டக்குனு வருதுல்ல? யுனிவர்சிட்டி ரிஜிஸ்டர் நம்பர்? பன்னிரண்டு இலக்கமா இருந்தாலும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லிடுவீங்க. சரி... உங்க வார்டு நம்பர் என்ன பாஸ்?

என்ன, முழிக்கிறீங்க? என் கிளாஸ்ல கேட்டப்போ ஒருத்தன், "மச்சி, ஆஸ்பத்திரி வார்டா?"ன்னான். இன்னொருத்தன், "பின்கோடு சொல்லட்டுமா?"ன்னு ஹெல்ப் பண்ண வந்தான். 'கவுன்சிலர் யாரு?'ன்னு அடுத்த கேள்வி கேட்டதும் மொத்த பெஞ்சும் கேன்டீனுக்குக் கிளம்பிடுச்சு.

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயுமா மாறி மாறி வளர்ந்தவன். ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ராஜபாளையம்னா நாய், ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. வெளியூர்க்காரங்களுக்கு இதுக்கு மேல தெரியாது. அங்கேயே பொறந்த நமக்கு மட்டும் என்ன தெரியுதாம்? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. 2011 சென்சஸ்படி ராஜபாளையம் நகராட்சியில 1.30 லட்சம் பேர். வார்டுகள் 42. ஆக, ஒரு கவுன்சிலருக்கு ஏறக்குறைய 3,100 பேர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல 75 ஆயிரம் பேர், 33 வார்டுகள். அங்கே ஒருத்தருக்கு 2,300 பேர்கூட இல்லை. எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் நாம லட்சத்துல ஒருத்தர். கவுன்சிலருக்குத்தான் நாம இன்னார் வீட்டுப் பையன், இன்னார் வீட்டுப் பொண்ணு. அரசாங்கத்துலேயே நம்ம வீட்டுக் கதவு நம்பர் தெரிஞ்ச ஒரே ஆள் அவங்கதான்!

ஆள் இல்லாத அஞ்சு வருஷம்

இந்த ஆளே இல்லாமலும் நம்ம ஊர்கள் இருந்திருக்கு, தெரியுமா? 2011-ல் தேர்ந்தெடுத்தவங்க பதவிக்காலம் 2016 அக்டோபரோட முடிஞ்சது. அதுக்கு அறிவிச்ச தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தாங்க. அப்புறம் வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்குன்னு இழுத்துக்கிட்டே போய், தமிழ்நாட்டு நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ம் தேதி. மார்ச் 2-ம் தேதிதான் புது கவுன்சிலர்கள் பதவியேற்றாங்க. நடுவுல அஞ்சு வருஷத்துக்கும் மேல... ஜீரோ கவுன்சிலர்!

எனக்கு மீசை முளைச்சதே அந்த இடைவெளியிலதான். தெரு லைட் எரியலைன்னா கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டணும்கிற பழக்கமே எங்க செட்டுக்கு வராமப் போச்சு. ஸ்டேட்டஸ்ல ஒரு கோபமான ஸ்மைலி போட்டுட்டுப் படுத்துடுவோம். லைட்டும் எங்களோட சேர்ந்து தூங்கும்.

அதுக்கப்புறம் ஒரு நல்ல விஷயம் நடந்தது. கிராமத்துல கிராம சபை இருக்கற மாதிரி நகரத்துக்கும் ஒண்ணு வேணும்னு வார்டு குழு, பகுதி சபா விதிகளை 2022-ல் தமிழக அரசு கொண்டு வந்தது. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாப் பிரிச்சு, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடி உட்கார்ந்து பேசலாம். தலைமை, கவுன்சிலர். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்துல முதல் கூட்டங்கள் நடந்தப்போ, தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல நடந்த கூட்டத்துல முதலமைச்சர் ஸ்டாலினே போய் உட்கார்ந்தார். தண்ணி, தெரு விளக்கு, சாக்கடை, குப்பை... எல்லாமே பேசலாம். பதினெட்டு வயசு ஆகி, லிஸ்ட்ல பேர் இருந்தா போதும். கட்சி கார்டு, சிபாரிசு எதுவும் தேவையில்லை.

மதுரையத் தாண்டிருச்சா?

அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். ரெண்டு ஊர்ல எந்த ஊர், எந்த வார்டுன்னு சொல்ல மாட்டேன். மேட்டர் அது இல்லை.

ஒரு முப்பது பேர் இருந்திருப்பாங்க. முக்கால்வாசி அறுபதைத் தாண்டினவங்க. காலேஜ் ஐ.டி. கார்டோட வந்த ஒரே ஜீவன் நான்தான். கவுன்சிலர் ஒரு அக்கா. கையில நீளமான நோட்டு. எழுந்து படிக்க ஆரம்பிச்சாங்க. "வடக்குத் தெரு கால்வாய்... பணி நடைபெற்று வருகிறது. நடுத்தெரு குழாய் பதிப்பு... பணி நடைபெற்று வருகிறது. சாலை சீரமைப்பு... பணி நடைபெற்று வருகிறது."

முன்வரிசையில இருந்த ஒரு பாட்டி மெதுவா எழுந்திரிச்சாங்க. "ஏத்தா, நானும் ரொம்ப நாளாக் கேக்கேன்... வருது, வருதுங்கிற. எங்கிட்டு வந்துக்கிட்டிருக்கு? மதுரையத் தாண்டிருச்சா?"

சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆச்சு. அக்காவும் சிரிச்சுட்டாங்க. ஆனா பாட்டி சிரிக்கலை. அவங்க வீட்டுத் தாத்தாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். தெரு தோண்டிக் கிடந்ததால ஆட்டோ உள்ளே வராது. பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு, ரெண்டு பேர் தூக்கிட்டு முக்கு வரைக்கும் நடக்கணும். மழை நாள்ல தூக்கறவங்களுக்கே கால் வழுக்கும். "ரோடு எப்ப வேணா போடு தாயி. அந்த மனுசன் சேரோட விழாம இருக்க ஒரு வழி சொல்லு."

அக்கா நோட்டை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் பேசினது வேற தமிழ். "குழாய் போட்டாச்சு பெரியம்மா. பதினோரு வீட்டுக்கு இணைப்பு பாக்கி. அது முடிஞ்சு, கசிவு இருக்கான்னு பார்த்து, மண்ணு இறுகினாத்தான் ரோடு. அதுக்கு எப்படியும் ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு ஓரமா ஆட்டோ போற அகலத்துக்கு கிராவல் அடிச்சுத் தரச் சொல்றேன். பத்து நாள் டைம் குடுங்க."

பத்து நாள்னு சொன்னது பன்னிரண்டு நாள் ஆச்சு. ஆனா கிராவல் வந்தது. ஆட்டோவும் வந்தது. சேர் வீட்டுத் திண்ணைக்குப் போயிடுச்சு.

இதுல நான் பிடிச்சுக்கிட்ட பாயின்ட் ஒண்ணுதான் பாஸ். முதல்ல படிச்சதும் ரெண்டாவது சொன்னதும் அதே தெருவைப் பத்தித்தான். 'பணி நடைபெற்று வருகிறது'ங்கிற மூணு வார்த்தையில ஒண்ணுமே கிடையாது. ரெண்டாவதுல மூணு விஷயம் இருந்தது. வேலை எந்தக் கட்டத்துல இருக்கு, எதனால நிக்குது, எந்தத் தேதிக்கு முடியும். இந்த மூணும் இருந்தா அது தகவல். இல்லைன்னா அது வெறும் மைக் டெஸ்டிங்!

ஏன் தோண்டிக்கிட்டே இருக்காங்க?

'ரோடு போடறாங்க, உடனே தோண்டறாங்க'ன்னு புலம்பாத ஊர் உண்டா? ராஜபாளையத்துல பாதாள சாக்கடை, தாமிரபரணி கூட்டுக் குடிநீர், ரயில்வே மேம்பாலம்னு மூணு பெரிய வேலைங்க ஒரே காலகட்டத்துல நடந்ததை ஊர்க்காரங்க சீக்கிரம் மறக்க மாட்டாங்க.

என் டிபார்ட்மென்ட் பாடத்தைக் கொஞ்சம் சொல்லிக்கறேன், போர் அடிக்காது. பாதாள சாக்கடைத் தண்ணி, பம்பிங் ஸ்டேஷன் போய்ச் சேர்ற வரைக்கும் சரிவுலயே தானா ஓடணும். அதனால அந்தக் குழாய்தான் ரொம்ப ஆழத்துல போகும். குடிநீர்க் குழாய் அதுக்கு மேல, அதை விட்டுத் தள்ளிப் போகணும். சாக்கடைக் குழாய் கசிஞ்சாலும் குடிக்கிற தண்ணியில கலந்துடக் கூடாதில்லையா? அப்புறம் வீட்டு இணைப்பு. அப்புறம் கசிவு சோதனை. கடைசியா, தோண்டின மண்ணை அடுக்கடுக்காப் போட்டு இடிச்சு இறுக்கணும். அவசரப்பட்டு மேல தாரை ஊத்தினா, அடுத்த மழைக்கு ரோடு அப்படியே உள்வாங்கிடும். லாரி டயர் ஒண்ணு புதைஞ்சு போட்டோவுக்கு போஸ் கொடுக்கும்.

ஆக, லேட் ஆகறதுக்கு நியாயமான காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தைத் தெருவுக்குச் சொல்லாம இருக்கறதுக்குத்தான் எந்த நியாயமும் இல்லை.

நாமளும் ஆள் பார்த்துக் கேட்கணும். ரெண்டு ஊரையும் தொட்டுப் போற திருமங்கலம் - கொல்லம் ரோடு தேசிய நெடுஞ்சாலை, நம்பர் 744. அதுல பள்ளம்னா அது வார்டு ஃபண்டு வேலை இல்லை. பெரிய கூட்டுக் குடிநீர்த் திட்டங்களைக் கட்டறது குடிநீர் வடிகால் வாரியம். வீட்டுக் குழாய்க்குக் கொண்டு வர்றது நகராட்சி. மின்கம்பம் மின்வாரியத்தோடது, அதுல மாட்டின தெரு விளக்கு நகராட்சியோடது. இவ்வளவும் தெரிஞ்சு போனா, 'அது எங்க வேலை இல்லீங்க'ங்கிற பதிலுக்கு, 'அப்போ யார் வேலை, அவங்களுக்கு என்னிக்கு லெட்டர் போட்டீங்க?'ன்னு அடுத்த கேள்வி ரெடியா இருக்கும்.

தேருக்கு ஒரு தேதி இருக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்களுக்கு இதைச் சொல்லியே தரவேண்டாம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் நாலு ரத வீதியும் சுத்தி வரணும். அவ்வளவு பெரிய தேரு, பள்ளத்துல சக்கரம் இறங்கினா என்ன ஆகும்? அதனால தேரோட்டத்துக்கு முன்னாடியே ரோடு, கம்பி, தண்ணின்னு எல்லா டிபார்ட்மென்ட்டும் கூடிப் பேசும். காரணம் சிம்பிள். தேருக்கு ஒரு தேதி இருக்கு. அந்தத் தேதியை யாராலயும் தள்ளிப்போட முடியாது.

நம்ம சந்துக்குத் தேர் வராது. ஸ்கூல் வேனும் ஆட்டோவும் 108-ம்தான் வரும். அதுங்களுக்கும் ஒரு தேதியை வாங்கி வெச்சுக்கறதுதான் நம்ம வேலை.

'கணக்குச் சொல்லு'ன்னு கேட்கறது ஃபாரின் ஃபேஷன்னு நினைச்சுடாதீங்க. உத்திரமேரூர்ல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. வருஷம் 919, 921. ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சு, குடவோலை முறையில ஆள் எடுத்தாங்க. வாரியத்துல இருந்துட்டு ஒழுங்காக் கணக்குக் காட்டாதவங்களும், அவங்க நெருங்கின சொந்தக்காரங்களும் மறுபடி அந்தப் பக்கம் தலைவைக்க முடியாது! நிலம் இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும்னு அப்போ ஆயிரம் வேலி. பெண்களுக்கு இடமே கிடையாது. இன்னிக்கு அந்த வேலியெல்லாம் இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவிகிதம்னு 2016-லேயே சட்டம் வந்தாச்சு. கணக்குக் கேட்கற பழக்கத்தை மட்டும் ஏன் கல்வெட்டோட விட்டுட்டோம்?

இன்னொண்ணு கவனிச்சீங்களா? அந்தக் கல்வெட்டுப்படி குறைஞ்சபட்ச வயசு 35. இப்போ 21-தான். எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி! சும்மா சொல்லலை. 2020 டிசம்பர்ல நம்ம மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துல மேயரான ஆர்யா ராஜேந்திரனுக்கு அப்போ வயசு 21. டிகிரி படிச்சுக்கிட்டிருந்த ஸ்டூடன்ட்!

எல்லாரும் மேயராக வேண்டாம் பாஸ். மூணு விஷயம் செஞ்சா போதும். ஒண்ணு, வார்டு நம்பரையும் கவுன்சிலர் நம்பரையும் போன்ல சேவ் பண்ணுங்க. ரெண்டு, பகுதி சபா எப்போன்னு கேட்டுப் போய் உட்காருங்க. போகும்போது ஒரே ஒரு தெரு, ஒரே ஒரு பிரச்னை, ஒரு போட்டோ. 'ஊரே நாசமாப் போச்சு'ன்னு சொன்னா யாரும் எழுதிக்க மாட்டாங்க. 'மூணாவது கம்பத்து லைட் இருபது நாளா எரியலை'ன்னா எழுதித்தான் ஆகணும். மூணு, அப்பவும் 'நடைபெற்று வருகிறது'ன்னே பதில் வந்தா, இருக்கவே இருக்கு 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம். 30 நாளுக்குள்ள பதில் தரணும். ஒரு பஃப்ஸ் காசைவிடக் கம்மி!

கூட்டம் முடிஞ்சு சேரை அடுக்கும்போது அந்த அக்காகிட்ட, "எங்க வயசுப் பசங்க யாரும் வர்றதில்லையாக்கா?"ன்னு கேட்டேன். "வந்தா நல்லாருக்கும் தம்பி. பெரியவங்க கேட்டா, பாவம்னு சொல்லிச் சமாளிச்சுட்டுப் போயிடறாங்க. படிக்கிற புள்ளைங்க தேதி கேட்டு எழுதி வெச்சுக்கிட்டா நானே ஆபீஸ்ல சண்டை போடத் தெம்பா இருக்கும். அடுத்த தடவை ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா."

ஒருத்தன் மாட்டிட்டான். பின்கோடு சொன்ன அதே ஆள்தான். இன்னும் ஒருத்தர் வேணும். நீங்க வர்றீங்களா?