எஜமானிடம் சொல்லிவிட்டு

திருச்சியிலிருந்து இரவில் கிளம்பும் சிங்கப்பூர் விமானத்துக்குச் சீட்டு எடுத்தவர்களில் பலர் அன்றைய பகலை நாகூரில் கழிக்கிறார்கள். நாகூர் போகிற வழியில் இல்லை. விமான நிலையத்துக்கு நேர் எதிர்த்திசையில், கடலோரத்தில், சுமார் 145 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் கிழக்கே வெகுதூரம் வந்து, வந்த வழியே மறுபடி மேற்கே திரும்ப வேண்டும். ஆனாலும் வருகிறார்கள். கடல் கடந்து போகிறவர் நாகூர் எஜமானிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போவது காவிரி டெல்டாவில் மதம் பார்க்காத வழக்கம்.

எஜமானே ஒரு பெரிய பயணிதான். எஜமான் என்று அழைக்கப்படும் ஷாகுல் ஹமீது ஆண்டவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்தவர். மக்கா, மாலத்தீவு, இலங்கை என்று நடந்தும் கப்பலேறியும் வந்து, கடைசியில் தஞ்சை நாயக்கர் சீமையின் இந்தக் கரையில் தங்கினார் என்று அவருடைய சரிதங்கள் சொல்கின்றன. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் காப்பாற்ற, இருந்த இடத்திலிருந்தே கண்ணாடியை வீசி அந்த ஓட்டையை அடைத்தார் என்ற கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். அவர் அடங்கியிருக்கும் தர்காவின் வாசல் கடைகளில் நேர்ச்சைத் தகடுகள் விற்கிறார்கள். கண், கை, கால், வீடு ஆகியவற்றோடு கப்பல் பொறித்த தகடும் இருக்கும். கை வலித்தவர் கைத்தகடும் வீடு கட்டுகிறவர் வீட்டுத்தகடும் வாங்குவார்கள். கப்பல் தகட்டை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று விமானம் ஏறுகிறார்கள்.

முன்பு இந்தக் கடைசி நாள் ஒரு நாளோடு முடிந்ததில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. நாகையில் பெரிய கப்பல் கரையை அணைய ஆழம் போதாது. அது கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் பெட்டிகளையும் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன கூலிகள், கடை வைக்கப் போன மரைக்காயர்கள், கணவனைத் தேடிப் போன பெண்கள் என எல்லோருக்கும் துறைமுகத்தில் காத்திருப்பு இருந்தது. நாகூரோ அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் வடக்கே. நாகூரில் பிறந்த புலவர் குலாம் காதிறு நாவலரும் பினாங்கு போய்ப் பத்திரிகை நடத்தியவர்தான்.

ரஜூலாவுக்குப் பிறகு 1970களில் ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றது.

கப்பலோடு போனது நீண்ட பயண நேரம் மட்டுமல்ல, ஊரைப் பார்த்துக்கொண்டே பிரிவதும்தான் என்று தோன்றுகிறது. தர்காவின் ஐந்து மனாராக் கோபுரங்களில் பெரிய மனாரா 131 அடி உயரம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. தென்னைகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்பதால் கடலில் போகிறவருக்கு அது வெகுநேரம் தெரியும். ரஜூலாவின் தளத்தில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கு ஊரை விட்டுப் பிரிய நேரம் கிடைத்தது. இரவு விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்தாலும் கீழே தெரிவது திருச்சியின் விளக்குகள்தான். ஆகவே பிரிய வேண்டியதையெல்லாம் பகலிலேயே பிரிந்தாக வேண்டும். நாகூரில் அந்த ஒரு பகலுக்கு இவ்வளவு கனம் ஏறியிருப்பது அதனால்தான்.

விவரம் தெரிந்தவர்கள் முந்தின இரவே வந்து தங்கிவிடுவார்கள். எஜமானின் அடக்கத்தலமான ரவுலாவின் வாசல் வழக்கமாக விடியற்காலையிலும் அந்தியிலும்தான் திறக்கும். அந்திக்குக் காத்திருந்தால் விமானம் போய்விடும். விடியலில் உள்ளே போனால் தர்காவில் ஊழியம் செய்யும் சாபு ஒருவர் பாத்திஹா ஓதி, மயிலிறகால் தலையைத் தடவி அனுப்புவார். பக்கத்தில் பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய இந்துக் குடும்பம் நிற்கும். பிறகு சில்லடிக் கடற்கரை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஏறிவந்த கரை இது. அதில் மாண்ட எல்லா மதத்தாரையும் தர்காவின் நிலத்தில் புதைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு அங்கே நிற்பது நல்லது. பிழைக்கப் போகிறவர் விட்டுச் செல்லும் ஊர் எதையெல்லாம் தாங்கியது என்று அங்கேதான் புரியும்.

பசியாறலுக்குப் பரோட்டா, முந்தின சாயங்காலமே வந்துவிட்டால் இறால் வாடா. பெட்டியில் வைக்கத் தம்ரூட் என்ற இனிப்பு வாங்கலாம், நாலைந்து நாள் தாங்கும். அத்தர் சீசாவையும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயையும் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போட வேண்டும். சோதனைச் சாவடியில் அம்மா போட்ட ஊறுகாய் குப்பைக் கூடைக்குப் போவதைப் போல மனதை உடைப்பது வேறில்லை.

மதியத்துக்கு மேல் தாமதிக்காமல் கிளம்ப வேண்டும். திருவாரூர் தாண்டினால் நீடாமங்கலம் ரயில்வே கேட் பல தலைமுறைப் பயணிகளைக் காக்க வைத்துப் பெயரெடுத்தது. தை, மாசியில் வந்தால் அறுவடை இயந்திரங்களும் நெல் லாரிகளும் சாலையை அடைத்துக்கொள்ளும். சபர் (பயணம்) போகிற மகனை வாசலில் நிறுத்தி “போயிட்டு வா வாப்பா” என்று உம்மா சொல்லும் அந்தக் கால் மணி நேரத்தையும் கணக்கில் சேர்த்தே வண்டி பிடிக்க வேண்டும். அதைச் சுருக்கச் சொல்வது அநியாயம்.

போய்ச் சேர்ந்த பிறகு செய்ய ஒன்று பாக்கி இருக்கிறது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நம் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் இன்னொரு நாகூர் தர்காவைக் கட்டினார்கள். அன்று அந்தத் தெருதான் கடற்கரை. கப்பல் விட்டு இறங்கியவர் ஈரக்காலோடு வந்து நன்றி சொன்ன இடம். சில வீடுகள் தள்ளிச் சீனக் குடியேறிகள் தங்கள் கடல் தெய்வத்துக்குக் கட்டிய தியான் ஹாக் கெங் கோயில் இருக்கிறது. கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இப்போது சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள். 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தத் தர்கா இன்று இந்திய முஸ்லிம் மரபு மையமாக இருக்கிறது. முதல் விடுமுறை நாளில் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.