எங்கட தோலில் சிவப்பு எப்பிடி இருக்கும்?

2023 ஜூலையில் 25வது உலகத் தோல் மருத்துவ மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. நாங்கள் இரண்டு பேர் போனோம். ரெண்டு பேருமே அப்ப தோல் நோய்ப் பிரிவில் பயிற்சியில் இருந்த ரெஜிஸ்ட்ரார்கள். டொலர் 300 ரூபாய்க்கு மேலே நின்ற காலம். பதிவுக் கட்டணம், டிக்கெட், தங்குமிடம் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில சொன்னார்கள். கணக்குச் சரிதான். என்றாலும் போனோம்.

முதல் நாள் கண்காட்சிப் பக்கம் போய்த் தொலைஞ்சே போனோம். லேசர் இயந்திரங்கள், சுருக்கம் போக்குற ஊசிகள், சொரியாசிஸுக்கு வந்திருக்கிற புது ஊசி மருந்துகள். அந்த ஊசிகளைப் பார்க்கத்தான் வயிறு எரிஞ்சது. எங்கட கிளினிக்கில் சில மாதம் சாதாரண பூச்சு மருந்துக்கே வெளியில துண்டு எழுதிக் குடுக்கவேண்டி இருந்தது. மீற்றிங் பையும் இலவசப் பேனாவும் மட்டும் தாராளமாக் கிடைச்சது. வெட்கப்படாமல் வாங்கினோம்.

எங்கட போஸ்டர் லீஷ்மேனியாசிஸ் பற்றியது. மணல் ஈ கடிச்சுப் பரவுற ஒட்டுண்ணி நோய். இதில ஒரு விசித்திரம் இருக்கு. லீஷ்மேனியா டொனோவானி என்ற இனம் இந்தியாவின் பீகாரில் மண்ணீரலையும் கல்லீரலையும் தாக்கி, வைத்தியம் செய்யாவிட்டால் ஆளையே கொண்டுபோகிற காலா அசார் ஆக வரும். இலங்கையில் அதே இனம் பெரும்பாலும் தோலோட நிண்டுவிடும். ஒரு சின்னப் பரு, பிறகு மெல்லப் புண். நோவுமில்லை, கடியுமில்லை. அதனாலேயே வயலிலும் காட்டோரத்திலும் வேலை செய்யிற ஆட்கள் மாதக்கணக்கா அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

போஸ்டரைப் பார்த்தவர்களில் பிரேசிலில் பயிற்சியில் இருக்கிற ஒருத்தி மட்டும் நிண்டு கதைச்சாள். அவளுடைய நாட்டிலும் இந்த நோய் இருக்கு. புதுத் தொழுநோயாளர் எண்ணிக்கையிலும் இந்தியாவுக்கு அடுத்த இடம் பிரேசிலுக்குத்தான். அவள் ஒட்டுண்ணியைப் பற்றி ஒண்டும் கேட்கேல்லை. "புண்ணுக்குள்ள கிழமைக்கொரு ஊசி என்று எழுதியிருக்கிறீர்கள், அவர்கள் எப்படி வருகிறார்கள்?" என்று கேட்டாள். பஸ்ஸில் என்றோம். ஒரு நாள் கூலி போகும் என்றோம். நாலாவது ஊசியோட வராமல் விடுற ஆட்களைப் பற்றிச் சொன்னோம். அவள் தலையாட்டின விதத்தில், அங்கேயும் அதே பஸ்தான் ஓடுது என்று விளங்கிச்சு. அந்த மாநாட்டில் எங்களுக்கு மிகப் பிடிச்ச பத்து நிமிசம் அதுதான்.

இன்னொரு அறையில் கறுத்த தோலில் நோய் கண்டுபிடிக்கிறது பற்றிக் கதைச்சார்கள். நாங்கள் படிச்ச புத்தகங்களில் அழற்சி என்றால் சிவப்பு. படமும் வெள்ளைத் தோலில் ரோசாச் சிவப்பாத்தான் இருக்கும். எங்கட ஆட்களில் அது ஊதாவா, சாம்பலா, சில நேரம் வெறும் கருமையா நிற்கும். உலகம் முழுக்கப் பாவிக்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் தோல்வகை அட்டவணையே 1975இல் வெள்ளைத் தோலுக்கு எவ்வளவு ஒளிச் சிகிச்சை குடுக்கலாம் என்று பார்க்கத்தான் வந்தது. மண்ணிறத்துக்கும் கறுப்புக்கும் அஞ்சாவது, ஆறாவது வகைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள். வரிசையில் கடைசியா எங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள்ள சொல்ல, அவள் சிரிச்சுப்போட்டாள்.

சிரிப்புக்குரிய விசயம் இல்லை. எங்கட கிளினிக்குக்கு வாற அம்மாக்கள், "டொக்டர், இவள் பிள்ளைக்கு கலியாணம் பேசுறம், முகம் கொஞ்சம் வெளிக்கப் பண்ணுங்கோ" என்று மகளை முன்னால தள்ளுவார்கள். அதுக்கு முதலே ஏதோ ஒரு கிறீம் மாதக்கணக்கா பூசியிருப்பார்கள். சிலதில் வீரியமான ஸ்டீரொய்ட், சிலதில் பாதரசம். தோல் மெலிஞ்சு, நரம்பு தெரிஞ்சு, பரு போட்டு வரும். விட்டால் இன்னும் எரியும், அதனால விடவும் ஏலாது. படர்தாமரைக்கு அதைப் பூசினால் வட்டம் கலைஞ்சு, நாங்களே அடையாளம் காணச் சிரமப்படுற மாதிரி மாறிவிடும். அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் கதைக்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். வெளிக்கப் பண்ணுறதுக்கு மருந்து இல்லை, அவளுக்கு அந்த நிறத்தில் ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்ல எங்களுக்கு ஒரு நோயாளிக்கு அஞ்சு நிமிசம்தான் இருக்கு.

தேத்தண்ணி நேரம் வெளிநாட்டில் வேலை செய்யிற எங்கட நாட்டு அண்ணா ஒருவரைச் சந்திச்சோம். சம்பளம் கேட்டோம், சொன்னார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. "பயிற்சிக்கு வெளியில அனுப்புவாங்கள்தானே, வந்து பாருங்கோ" என்றார் அன்பா. விசேட வைத்தியராக முதல் ஒரு வருசம் வெளிநாட்டில் பயிற்சி எடுக்கவேண்டும். போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வரேல்லை என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தி இப்பவும் அதைப் பற்றி யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறாள். மற்றவள் கேட்கிறதில்லை.

வந்து ஒரு வேலை தொடங்கினோம். நோயாளர்களிடம் சம்மதம் கேட்டு, அவர்களின் தோலில் நோய் எப்பிடித் தெரியுது என்று படம் எடுத்துச் சேர்க்கிறோம். எங்களுக்குப் பிறகு வாற பிள்ளைகள் பார்க்க. பெரும்பாலும் ஓம் என்கிறார்கள். போன கிழமை ஒரு அம்மா காலை நீட்டிக்கொண்டு கேட்டா: "இந்தக் கறுத்தக் காலைப் படம் எடுத்து என்ன பிள்ளை செய்யப் போறியள்?" படிக்க என்றோம். சீலையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, காலை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினா.