20 பைட் பேக்கப்

"பேக்கப் எடுக்குறீங்களா?" என்று யாராவது கேட்டால் நம்மில் பாதிப்பேர் யோசிக்காமல் "எடுக்குறோமே" என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் 41 நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்ன ஆச்சுன்னு சொல்றேன், நீங்களாவது தப்பிச்சுக்கோங்க.

நம்ம காலேஜ் என்.எஸ்.எஸ். ரத்ததானப் பட்டியல் போன வருஷம் வரைக்கும் லேப் மூலையில் இருந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் ஓடியது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். சுமார் 1,400 பேரின் பெயர், போன் நம்பர், ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. இதில் அந்தத் தேதிதான் முக்கியம். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் 3 மாதம், பெண்கள் 4 மாதம் இடைவெளி விடணும். தேதி தெரியாமல் யாரையும் கூப்பிடக் கூடாது.

ஆறாவது செமஸ்டரில் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் வேலையாக பேக்கப்பை ஆட்டோமேட் பண்ணலாம் என்று உட்கார்ந்தேன். பிஜி டம்ப் எடு, ஜீஜிப்பில் சுருக்கு, ஃபைலில் போடு. ஒரே வரி. கையால் ஓட்டிப் பார்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது, அடித்தேன், ஃபைல் வந்தது. பக்கத்தில் இருந்த ஜூனியர் "சூப்பர்க்கா" என்றான். அதே வரியை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு, ஃபைல் கூகுள் டிரைவுக்குப் போகும்படி செய்து, கிரானில் தினமும் ராத்திரி 2 மணி என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்க இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. எனக்கு 41 நாள் ஆச்சு. ராத்திரி 2 மணிக்கு பாஸ்வேர்டு அடிக்க அங்கே யார் இருக்கா?

ஏப்ரலில் ஒருநாள் அந்த டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. நான் பதறவே இல்லை. டிரைவைத் திறந்தேன். 41 ஃபைல், தேதி வாரியாக, அழகாக. ஒவ்வொன்றும் 20 பைட்.

காலி உள்ளீட்டை ஜீஜிப்பில் சுருக்கினால் வரும் அளவு அது. பாஸ்வேர்டு கிடைக்காமல் பிஜி டம்ப் தினமும் தோற்றிருக்கிறது. ஆனால் பைப்பில் கடைசியாக நிற்கும் ஜீஜிப்புக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கிக் கொடுத்து "வேலை முடிந்தது" என்று சொல்லியிருக்கிறது. கிரான் எரர் மெசேஜை மெயிலில் அனுப்பப் பார்க்கும். அந்த மெஷினில் மெயில் சர்வரே கிடையாது. அதனால் அதுவும் குப்பைக்குப் போயிருக்கு.

அன்று சாயந்திரம் ஜூனியர் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, திட்டாதீங்க. நீங்க முதல்ல கையால எடுத்த டம்ப்பை மினி ப்ராஜெக்டுக்குப் பழகிப் பார்க்கலாம்னு என் லேப்டாப்ல காப்பி பண்ணி வச்சிருந்தேன்."

திட்டுவதா, கும்பிடுவதா? டேட்டாபேஸுக்குத்தான் பாஸ்வேர்டு, டம்ப் ஃபைலுக்கு ஒன்றும் கிடையாது. 1,400 பேரின் போன் நம்பர் ஒரு பையனின் லேப்டாப்பில் பூட்டே இல்லாமல் ஒன்றரை மாதம் கிடந்திருக்கு. இருக்கவே கூடாத அந்த காப்பிதான் எங்களைக் காப்பாற்றியது.

முழுசாகவும் காப்பாற்றவில்லை. அந்த டம்ப்புக்குப் பிறகு மார்ச்சில் ஒரு முகாம் நடந்திருந்தது. அதில் ரத்தம் கொடுத்த 112 பேரும் பட்டியலில் "இப்போது கொடுக்கலாம்" என்றே காட்டினார்கள். கோஆர்டினேட்டர் சாரின் பீரோவில் இருந்த முகாம் படிவங்களை வாங்கி, ரெண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாக ஏற்றினோம். உண்மையான பேக்கப் அந்தப் பேப்பர்தான்.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2017 ஜனவரி 31-ல் கிட்லேபில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், பிஜி டம்ப் 9.2 வெர்ஷன், டேட்டாபேஸ் 9.6. அதனால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஒருவர் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. படித்தபோது, நம்ம ஜூனியர் அங்கேயும் ஒருத்தர் இருந்திருக்கார் என்று தோன்றியது.

அப்புறம் மாற்றியது இதுதான். பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதவில்லை. ஸ்கிரிப்ட் என்றைக்காவது கிட்ஹப்புக்குப் போய்விடும். ஹோம் ஃபோல்டரில் பிஜிபாஸ் என்ற ஃபைலில் ஒரே வரி: ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், யூசர், பாஸ்வேர்டு, நடுவில் கோலன். பெர்மிஷன் 600 ஆக இருக்கணும். மற்றவர்களும் படிக்க முடிந்தால் போஸ்ட்கிரஸ் அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாது. பேக்கப்புக்கென்று படிக்க மட்டும் உரிமை உள்ள தனி யூசர். பைப்பில் எந்த இடத்தில் தோற்றாலும் தோல்வி என்று சொல்ல ஸ்கிரிப்டில் பைப்ஃபெயில். டிரைவுக்குப் போகும் முன் ஜிபிஜியில் பூட்டு. திறக்கும் சாவி சர்வரில் கிடையாது.

இதெல்லாம் செய்தபிறகும் நான் நம்பவில்லை. ஞாயிறுதோறும் அந்த ஜூனியர் கடைசி ஃபைலை எடுத்து, லேபில் வேறொரு மெஷினில் காலி டேட்டாபேஸில் ஏற்றி, எத்தனை வரி வந்தது என்று குரூப்பில் போடுவான். போன வாரம் 1,463.

நான் இன்னும் சில மாதத்தில் கிளம்பிடுவேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைத்திருக்கும் நண்பர்களே, இதைப் படித்து முடித்ததும் உங்க பேக்கப் ஃபோல்டரைத் திறந்து கடைசி ஃபைலின் சைஸைப் பாருங்க. 20 பைட் இருந்தால் என்னைத் திட்டாதீங்க. பெருசா இருந்தாலும் ஒருதடவை ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க.