இடம் ஒழித்தல்

கணினி எதையும் மறவாது என்பது நம்மிடையே நிலைபெற்றுவிட்ட ஓர் எண்ணம். ஆயின், மறவாமைக்கும் இடம் வேண்டும், அவ்விடமோ அளவுக்குட்பட்டது. கலைப்பீடத்து இறுதியாண்டு மாணவி ஒருத்தி இவ்வுண்மையை, ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குப் பன்னிரண்டு நாள்களே எஞ்சியிருந்த வேளையில், விடுதி அறையொன்றில் நள்ளிரவில் அறிந்துகொண்டாள்.

வன்னிப் பிரதேசத்து ஒப்பாரிப் பாடல்களே அவளது ஆய்வுப்பொருள். அவளிடமிருந்ததோ மலிவுவிலை மடிக்கணினி. அதன் பெட்டியில் 64 கிகாபைற்று என அச்சிடப்பட்டிருந்தது. திரையில் 58 மாத்திரமே தென்பட்டது. இதில் விற்றவர் செய்த வஞ்சனை எதுவுமில்லை. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்குகளாற் கணக்கிட, விண்டோஸ் 1024இன் மடங்குகளாற் கணக்கிடுகிறது. மீட்புத் தேவைக்கென ஒதுக்கப்படும் சிறு பகுதிகள் மேலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கின்றன. பணிசெயல் முறைமையும் அவளது நூல்களும் படங்களும் ஒலிப்பதிவுகளும் எல்லாம் 'சீ' எனும் அந்த ஒரே வட்டிலேதான் குடியிருந்தன. ('ஏ', 'பீ' என்னும் எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாயிருந்த காலத்தில் வன்தட்டுக்குக் கிடைத்தது மூன்றாம் எழுத்து. நெகிழ்வட்டு வழக்கொழிந்த பின்னரும் அப்பெயர் மாறவில்லை.) 1983இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்ரி கணினியின் வன்தட்டு 10 மெகாபைற்று மட்டுமே கொண்டது. அதனோடு ஒப்பிட்டால் இவளுடைய சிறு வட்டு ஆறாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. எனினும் அன்றிரவு அதில் எஞ்சியிருந்தது 300 மெகாபைற்றுக்கும் குறைவு. வட்டின் அளவைக் காட்டும் நீலக்கோடு செந்நிறமாகிவிட்டது. ஆய்வேட்டின் மூன்றாம் இயலைச் சேமிக்க முயன்றபோது கணினி மறுத்தது.

இத்தகைய வேளையில் எவரும் செய்வதையே அவளும் செய்தாள். தன் கண்ணுக்குத் தெரிந்தவற்றை அழிக்கத் தொடங்கினாள். முதலாம் ஆண்டு வரவேற்பு விழாப் படங்கள் போயின. தங்கையின் பூப்புனித நீராட்டு விழாப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மங்கலானவற்றை மட்டும் நீக்கினாள். ஒன்றரை மணி நேரம் கழிந்தபின் நோக்கினால், இடம் முன்னிருந்தபடியே இருந்தது. அழித்தவை யாவும் மீள்சுழற்சித் தொட்டியிற் கிடந்தன. தொட்டியும் அதே வட்டில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொட்டியை வெறுமையாக்கியதும் கிடைத்தது ஒரு கிகாபைற்றிலும் குறைவு.

அதன்பின் அமைப்புகளுக்குள் நுழைந்து 'தற்காலிகக் கோப்புகள்' என்னும் பக்கத்தைத் திறந்தாள். சிறு சதுரங்களின் நிரலொன்று அங்கே தோன்றியது. அவற்றுட் சில ஏலவே குறியிடப்பட்டிருந்தன. குறியிடப்படாதிருந்த சதுரங்களில் ஒன்றன் அருகே நான்கு கிகாபைற்றுக்கு மேற்பட்ட அளவு காட்டப்பட்டிருந்தது. தூக்கம் கண்ணை மறைக்க, அந்த எண்ணைக் கண்டாளேயன்றிப் பெயரைக் கண்டாளில்லை. அதையும் குறியிட்டு, நீக்கும் பொத்தானை அழுத்தினாள். அச்சதுரம் பதிவிறக்கக் கோப்புறைக்கு உரியது. தற்காலிகமானவை எனத் தலைப்பிட்ட பக்கத்தில் ஒருவரது சொந்தக் கோப்புறைக்கு என்ன வேலை என்று கேட்பது நியாயமே. ஆயினும் அச்சதுரம் தானாகக் குறியிடப்படுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கைத்தொலைபேசியிலிருந்து 'குவிக் ஷெயார்' மூலம் கம்பியின்றி அனுப்பப்படுபவை இயல்பாக வந்துசேர்வது அந்தக் கோப்புறைக்கே. முள்ளியவளைக்கு அப்பாலுள்ள கிராமத்தில் ஆச்சி ஒருவர் பாடிய 31 நிமிட ஒப்பாரியும் அவ்வாறே வந்து அங்குக் கிடந்தது. தொலைபேசியிலும் இடம் போதாமையால் அங்கிருந்த மூலத்தை அவள் முன்னரே அழித்துவிட்டிருந்தாள். எழுத்திற் பெயர்த்திருந்தது முதல் ஒன்பது நிமிடங்களை மட்டுமே. அந்த ஒலிப்பதிவின் பருமன் 30 மெகாபைற்று.

மறுநாட் காலை, விஞ்ஞான பீடத்திற் பயிலும் அறைத்தோழி கணினியை வாங்கிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தின் வழி நீக்கப்பட்டவை தொட்டிக்குச் செல்வதில்லை. பழைய வன்தட்டாயின் மீட்பு மென்பொருளைக் கொண்டு தேடிப் பார்க்கலாம்; இன்றைய திண்மநிலைச் சேமிப்பகங்களிலோ அழிக்கப்பட்ட பகுதி இனித் தேவையில்லை என்பதைப் பணிசெயல் முறைமையே சேமிப்பகத்துக்கு அறிவித்துவிடுவதால், மீட்பதற்கு எதுவும் எஞ்சுவது அரிது. இரண்டு மென்பொருள்களைக் கொண்டு தேடியும் பயன் கிட்டவில்லை.

"முதல்ல எது எவ்வளவு பாரம் எண்டு பாத்திருக்க வேணுமடி. நீ கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தானே அழிச்சனி" என்றாள் தோழி.

அவள் சொன்னது உண்மையே. வட்டை நிறைத்திருந்தவை மாணவியின் உடைமைகள் அல்ல. சில நாள்களுக்கு முன் நிகழ்ந்த பெரிய இற்றைப்படுத்தலின்போது, பழைய விண்டோஸ் முழுவதும் 'விண்டோஸ் ஓல்ட்' என்னும் கோப்புறையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அது ஒன்றே 14 கிகாபைற்று. புதியது பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம் என்பதற்காகவே அதனை வைத்திருக்கிறார்கள். பத்து நாள்கள் கழிந்தால் கணினியே அதனை நீக்கிவிடும். இன்னுஞ் சில நாள் பொறுத்திருந்தாலே வட்டு தானாக இளைத்திருக்கும். தோழி அதே பக்கத்தில், அதே நிரலில், 'முந்தைய விண்டோஸ் நிறுவல்' என்ற சதுரத்தைக் குறியிட்டு அதனை நீக்கினாள். இனிப் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்பதே அதற்குரிய விலை.

அடுத்து உறக்கநிலைக் கோப்பு. நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுக் கணினி முற்றாக அணைவதற்காக ஒதுக்கப்படும் இக்கோப்பு, நினைவகத்தின் நாற்பது வீதமளவு பருமனுடையது; நான்கு கிகாபைற்று நினைவகத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை. அது மறைத்து வைக்கப்பட்டிருப்பதால் சாதாரணமாகக் கண்ணிற் படாது. நிருவாகிக்குரிய கட்டளை யன்னலில் ஒரு வரி எழுதியதும் அது மறைந்தது. விரைவாகத் தொடங்கும் வசதியும் அதனோடு போயிற்று. அதற்காக வருந்துவார் அங்கு இலர்.

'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்னும் கோப்புறையைக் கண்டதும் மாணவியே அதனை அழிக்கச் சொன்னாள். அது எட்டுக் கிகாபைற்றுக்கு மேல் எனக் காட்டியது. தோழி தடுத்தாள். பணிசெயல் முறைமையின் உறுப்புகள் வைக்கப்படும் களஞ்சியம் அது. ஒரே கோப்பு இரண்டு இடங்களிற் பெயர் கொண்டிருப்பதால், அதன் பருமன் உள்ளதிலும் மிகுத்துக் காட்டப்படுகிறது. கையால் அழித்தால் கணினி எழும்பாமலே போகலாம். 'வட்டுத் துப்புரவு' என்னும் கருவியினூடாகப் பழைய இற்றைப்படுத்தல்களை நீக்குவதே முறை. அவ்வாறு நீக்கியதில் மேலும் இரண்டு கிகாபைற்று கிடைத்தது. உலாவியின் தேக்ககத்தையும் கைவிடப்பட்ட மென்பொருள்கள் சிலவற்றையும் களைந்தபின், எல்லாமாக 23 கிகாபைற்று வெறுமையாயிற்று. வேலை முடிய ஒரு மணி நேரமும் ஆகவில்லை.

அந்த வார இறுதியில் மாணவி கண்டியிலிருந்து வவுனியாவுக்கும் அங்கிருந்து முல்லைத்தீவுக்கும் பேருந்து ஏறினாள்.

சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பது அப்பக்கத்தார் நம்பிக்கை. முதன்முறை ஆச்சியை இணங்கச் செய்ய இரண்டு நாள்கள் சென்றன. அதுவும் வளவின் எல்லையில், வேப்பமரத்தின் கீழேதான் பாடினார். 2009ஆம் ஆண்டில் இழந்த தம் மகனை நினைந்து அவர் பாடிய பாட்டு அது. பாடி முடித்தபின் நெடுநேரம் அவர் எவருடனும் பேசவில்லை. இவை யாவற்றையும் மாணவி நன்கறிவாள். அறிந்தும் மீண்டும் அதே முற்றத்திற் போய் நின்றாள்.

"முந்திப் பாடினதை என்ன செய்தனி பிள்ளை?"

"அழிஞ்சு போச்சு ஆச்சி. நான்தான் தெரியாமல் அழிச்சுப் போட்டன்."

எப்படி அழிந்தது என்று ஆச்சி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சதுரத்தையும் குறியையும் பற்றி எவ்வாறு விளக்கியிருப்பாள் என்பது ஐயமே. சற்று நேரம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்த ஆச்சி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார்.

ஒப்பாரி மனப்பாடமாய் ஒப்புவிக்கப்படுவதன்று. பாடுபவர் துயரம் அவ்வேளையில் எவ்வழி செல்கிறதோ அவ்வழியே சொல்லும் செல்லும். இம்முறை மகன் பள்ளிக்கூடம் போன கதை வரவில்லை. அவன் வளர்த்த வெள்ளைக் கன்றுக்குட்டியும் வரவில்லை. முதற் பதிவின் இருபதாம் நிமிடத்தளவில் வந்த பகுதிகள் அவை, எழுத்திற் பெயர்க்கப்படாதவை. பதினொரு நிமிடத்தில் ஆச்சியின் குரல் தளர்ந்தது. இருமல் வந்தது. மாணவி மேலும் பாடும்படி கேட்கவில்லை.

அன்று மாலையே அப்பதிவை உறவினர் ஒருவரின் கணினியிலும் பென் ட்ரைவ் ஒன்றிலும் படியெடுத்தாள். தனக்கே மின்னஞ்சலாகவும் அனுப்பினாள். இரவுப் பேருந்தில் மடிக்கணினியைத் திறந்து மூன்றாம் இயலைத் தொடர்ந்தாள். முதற் பதிவிலிருந்து ஒன்பது நிமிடங்கள், இரண்டாவதிலிருந்து பதினொன்று எனப் பின்னிணைப்பில் இரு பாடங்களையும் தனித்தனியே இட்டு, முதலாவதன் கீழே 'எஞ்சிய பகுதி கிடைக்கவில்லை' எனக் குறித்தாள். சேமிக்கும் பொத்தானை அழுத்தியபோது கணினி மறுக்கவில்லை. வட்டில் இன்னும் இருபது கிகாபைற்றுக்கு மேல் வெறுமையாய்க் கிடந்தது.