ஒரே பெட்டி, இரண்டு நேரம்

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிகிறது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் ஓராண்டுக்கு வரும், அதற்குப் பிறகு? விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இந்தக் கிழட்டுப் பெட்டியில் அது இல்லை. விண்டோஸைத் தூக்கிப் போடவும் வழியில்லை. நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் உடன்குடிக் கருப்பட்டிக்கடைக்கு விண்டோஸில் ஓடும் டேலி கணக்கு மென்பொருள்தான் எல்லாம். டிஸ்க்கில் கொஞ்சம் இடம் பிரித்து லினக்ஸ் மின்ட்டும் ஏற்றினேன். இனி இன்டர்நெட் எல்லாம் லினக்ஸில், கணக்கு மட்டும் விண்டோஸில்.

இது ஒன்றும் புது ஏற்பாடு இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது பாஸ். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததாக நினைவில்லை. பாடத்திலும் வேலையிலும் கேட்காத ஒன்றை எதற்குத் திறப்பார்கள்? குற்றம் லினக்ஸ் மேல் இல்லை.

செப்டம்பர் 25

இரவு கடைக்காரர் போனில் வந்தார். "அண்ணாச்சி, ராத்திரி ஒரு மணிக்கு நீங்க போட்ட பில்லுல நேத்துத் தேதில்லா விழுந்திருக்கு!" குலசையில் (குலசேகரன்பட்டினம்) தசரா நேரம், வேஷம் கட்டுகிறவர்களும் காணிக்கை பிரிக்கிற குழுக்களும் நடமாடுவதால் ஊரில் வியாபாரம் நள்ளிரவு தாண்டியும் ஓடுகிறது.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. காரணம் தேடவே வேண்டாம், அந்தக் கணக்கே சொல்லிவிட்டது. மதர்போர்டில் ஒரு கடிகாரம் இருக்கிறது. பட்டன் பேட்டரியில் ஓடுவது. அதில் உலகப் பொது நேரமான யுடிசியை எழுதி வைப்பது லினக்ஸின் வழக்கம். விண்டோஸோ, டாஸ் காலத்திலிருந்தே அதை உள்ளூர் நேரமாகத்தான் படிக்கும். மாலை ஆறு மணி அதற்குப் பகல் பன்னிரண்டரை.

இரண்டையும் உள்ளூர் நேரத்தில் வைத்தால், கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் நாடுகளில் இரண்டு சிஸ்டமும் ஆளுக்கொரு மணி நேரம் மாற்றிக் குழப்பிவிடும். அங்கே விண்டோஸை யுடிசிக்குப் பழக்குவதே நல்லது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன், அடங்கிவிட்டது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, குலசை இருப்பதோ ஏறத்தாழ 78-இல். சூரியனைக் கேட்டால் அந்த உள்ளூர் நேரமும் பதினெட்டு நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது.

அக்டோபர் 3

நேற்று தசராவின் சூரசம்காரம். மகள் எடுத்த படங்களை விண்டோஸ் டிரைவில் சேமிக்கப் போனால், லினக்ஸ் மறுத்தது: படிக்கலாம், எழுதக்கூடாது. "அணைச்சுட்டுத்தானப்பா வந்தேன்" என்றாள். அவள் அணைத்தது உண்மைதான், விண்டோஸ் அணையவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி, அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருக்க அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த நிலையில் வேறொரு சிஸ்டம் அந்த டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடும். லினக்ஸ் மறுத்தது நியாயம். பவர் செட்டிங்கில் போய் அந்த வசதியை நிறுத்தினேன்.

அக்டோபர் 15

விண்டோஸ் 10-இன் கெடு நேற்றோடு முடிந்தது. விண்டோஸில் வைஃபையை முடக்கிவிட்டேன். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு டேலியிலிருந்து ஃபைலை எடுத்து, லினக்ஸுக்கு மாறி ஏற்ற வேண்டும். இருபதாம் தேதிக்குள் இந்த வழி ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும்.