நரசிம்மர் முதுகில் ஒரு கை

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். இருவரும் சேர்ந்து போன ஊர்கள் என்று பார்த்தால் பழனி, திருப்பதி, அப்புறம் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள். சும்மா சுற்றிப் பார்க்க என்று கிளம்பியது இதுதான் முதல் தடவை. ஊர் ஹம்பி.

அவர் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். விஜயநகரம் தோன்றியது 1336, தலைக்கோட்டைப் போர் 1565 என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவர். ஆனால் ஹம்பியைக் கண்ணால் பார்த்ததே இல்லை!

காலையில் ஹொசப்பேட்டையில் ஆட்டோ பிடித்தார்கள். வாத்தியார் சட்டைப் பையில் ஒரு லிஸ்ட். பதினான்கு இடங்கள், ஒரே நாள்.

விரூபாட்சர் கோயிலில் ஒரு இருட்டு அறை. சுவரில் சின்னத் துவாரம், எதிர்ச்சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுகிறது. "ஊசித்துளை கேமரா மாதிரிதான்" என்று விளக்கினார் வாத்தியார். அந்த அம்மா ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். வாசலில் நின்று லிஸ்ட்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் நாள் முழுக்க இதே கதைதான். அவர் முன்னால், முட்டி வலியோடு அந்த அம்மா இருபதடி பின்னால். "சீக்கிரம் வா, வெயில் ஏறுது." முப்பத்திரண்டு வருஷமாகக் கடைத்தெருவிலும் இப்படித்தான் நடந்தார்கள். அதனால் அந்த அம்மாவுக்குப் பெரிதாகக் கோபம் வரவில்லை. வலி மட்டும்தான்.

லட்சுமி நரசிம்மர் சிலை. 6.7 மீட்டர் உயரம், கிருஷ்ணதேவராயர் காலத்தில் 1528-ல் செய்தது. தலைக்கு மேல் ஏழுதலை நாகம், பிதுங்கிய கண்கள்.

"லட்சுமி எங்கேங்க?"

"மடியில இருந்தாங்க. உடைச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாத்தியார் ஆட்டோவை நோக்கி நடந்தார்.

அந்த அம்மா நகரவில்லை. கம்பி ஓரமாகப் போய்ப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க... இங்க வாங்களேன். கை இருக்கு!"

வாத்தியார் திரும்பி வந்து பார்த்தார். நரசிம்மரின் முதுகில் ஒரு சின்னக் கை. அணைத்தபடி வைத்த லட்சுமியின் கை. உடம்பு முழுக்கப் போய்விட்டது, பிடித்த கை மட்டும் அப்படியே கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கிறது.

"இவ்வளவு கோபக்காரரை விட்டுட்டுப் போக மனசு வரல போல" என்று சிரித்தார் அந்த அம்மா.

வாத்தியார் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். 1565-ஐ எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பார்! அந்தப் பாடத்தில் இந்தக் கை இல்லை.

"முட்டி ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார். அன்றைக்கு முதல் தடவையாக.

மகாநவமி மேடை, ராணி குளியலறை, யானைக் கொட்டாரம் எல்லாம் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டன. ஒரு மண்டப நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் விட்டலர் கோயிலுக்கு மட்டும் பேட்டரி வண்டியில் போனார்கள். கல்தேரின் எதிரே அந்த அம்மா ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து, அதில் இருக்கும் தேரையும் இந்தத் தேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் வாத்தியார் அதற்குள் பத்தடி முன்னால் போய்விட்டார். அப்புறம் ஞாபகம் வந்து நின்றார். கையில் அந்த அம்மாவின் பை.

ஊருக்கு வந்ததும் பையன் கேட்டான், "எல்லாத்தையும் பார்த்தாச்சாப்பா?"

"பாதிதான்டா" என்றார் வாத்தியார்.

"நல்லா பார்த்தோம்" என்றார் அந்த அம்மா.