காசு கொடுத்து வாங்கிய குளிர்

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகப் போகும் மீன் வண்டிகளைப் பின்னாலிருந்து பார்த்திருப்பீர்கள். ஐஸ் உருகி ரோடெல்லாம் சொட்டும். ஒவ்வொரு சொட்டும் காசு! ஐஸ் தீர்ந்தால் மீனும் காலி.

அதே வண்டி எல்என்ஜியில், அதாவது திரவமாக்கிய இயற்கை வாயுவில் ஓடினால்? டாங்கிக்குள் அது மைனஸ் 162 டிகிரியை ஒட்டிய குளிரில் இருக்கும். அப்படியே எஞ்சினுக்குள் விட முடியாது. எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரால் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். குளிர் அத்தனையும் அந்த வெந்நீரோடு போச்சு. இத்தனைக்கும் வாயுவைத் திரவமாக்கிய செலவு நாம் கட்டும் பில்லில் சேர்ந்தே வருகிறது.

ஒரு கிலோ எல்என்ஜி சாதாரண வெப்பநிலைக்கு வர ஏறக்குறைய 830 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். பெரிய லாரி மணிக்கு 15 கிலோ எரிப்பதாக வைத்துக்கொண்டால் சுமார் 3.5 கிலோவாட், அதாவது ஒரு டன் ஏசி! (காஸ்டிங் பாடத்தில் வரும் துணைப்பொருள் இதுதான் மக்களே.) உறையாத ஒரு திரவத்தை நடுவில் ஓடவிட்டு இந்தக் குளிரை மீன் பெட்டிக்குக் கொண்டுபோகலாம்.

சிஎன்ஜியில் இவ்வளவு தேறாது. 200 பார் அழுத்தம் குறையும்போது வாயு குளிரும், அவ்வளவுதான். சிலிண்டர் காலியாக ஆக அதுவும் குறையும். நரிமணம், குத்தாலம் கிணறுகளில் வருவதும் வாயுவாகத்தான் வருகிறது. திரவம் வேண்டுமென்றால் 2019-ல் திறந்த எண்ணூர் முனையம் மாதிரி இடத்துக்குத்தான் போகணும்.

இன்னொரு சிக்கல், வண்டி நின்றால் குளிரும் நிற்கும். டீக்கடையில் அரை மணி நேரம் போட்டால்? கொஞ்சம் ஐஸ் எப்படியும் வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி: கருவிக்குக் கடன் வாங்குவது லாரிக்காரர், மிச்சமாகும் மீன் வியாபாரியுடையது. வாடகையை யார் ஏற்றித் தருவார்?